கில்ட், வேட்டி, 35 வருஷம்

2017 டிசம்பர் மாதம் ஒரு காலை. எங்கள் குர்காவ்ன் ஆபீஸ் லிஃப்டில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தோம். எல்லோரும் செல்போனைப் பார்ப்பது போல நடித்துக்கொண்டு ஒரே ஒருத்தருடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியே பனிமூட்டம். ஏழு டிகிரி இருக்கும். நாங்கள் எல்லாம் உள்ளே ஒரு தெர்மல், மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேலே ஒரு ஜாக்கெட் என்று மூட்டை கட்டிக்கொண்டு நிற்கிறோம். அந்த மனிதரோ இடுப்பில் கரும்பச்சைக் கட்டம் போட்ட கம்பளித் துணியை முழங்கால் வரை மடிப்பு மடிப்பாகக் கட்டியிருந்தார். முழங்காலுக்குக் கீழே கெட்டியான சாக்ஸ். நடுவில் நாலு அங்குலம் வெறும் கால்!

மூன்றாவது மாடியில் ஏறிய ஹவுஸ்கீப்பிங் பையன்தான் முதலில் வாயைத் திறந்தான். "சார், டண்ட் நஹி லக்தி?" (குளிரலையா சார்?)

அவர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். "குளிருது. ஆனா பழகிடுச்சுன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். அன்றைக்கு ஆரம்பித்தது, அடுத்த மூன்று மாதம் அதுதான் எனக்கு உபரி உத்தியோகம் :-)

நம்ம ஆள் ஸ்காட்லாந்தின் வடபகுதி, இன்வர்னஸ் பக்கம். ஒரு ப்ராஜெக்டை எங்களிடம் ஒப்படைக்க வந்தவர். கல்யாணத்துக்கும் கச்சேரிக்கும் போடுகிற உடையை இந்தியாவுக்கு வருகிறோமே என்று பெருமைக்காகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லையாம். பதினோரு வருஷமாகத் தினமும் அதுதானாம். காய்கறி வாங்க, பஸ் ஏற, நாயை நடத்திக்கொண்டு போக, எல்லாவற்றுக்கும் கில்ட்தான்.

"உங்க ஊர்ல எல்லாரும் அப்படியா?" என்று கேட்டேன்.

"எங்க ஊர்லயும் என்னைப் பார்த்து இன்னிக்குக் கல்யாணமான்னுதான் கேட்பாங்க" என்றார்.

இது எனக்குப் புதுசு. ஸ்காட்லாந்து என்றாலே கில்ட் என்றுதானே நமக்குத் தெரியும்? அந்த ஊரிலேயே அதைச் சாதாரண நாளில் கட்டினால் கேள்வி கேட்கிறார்கள் என்றால் நடுவில் என்னமோ நடந்திருக்க வேண்டும். என்ன நடந்தது என்று அவர் டீக்கடையில் சொல்லச் சொல்லக் கேட்டதும், அதற்கப்புறம் நானாகத் தேடிப் படித்ததும்தான் இந்தப் பதிவு. நடுவில் என் சொந்தக் கதை, ஒரு தப்பு, எல்லாம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மடிச்சுக் கட்டு

முதலில் பெயர். 'கில்ட்' என்பது ஹைலாண்ட் மலைப்பகுதி மக்கள் பேசிய கேலிக் மொழிச் சொல்லே இல்லை. ஸ்காண்டிநேவியப் பக்கமிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த சொல். டேனிஷில் இதற்கு உறவான சொல்லுக்கு 'தூக்கிச் செருகு' என்று பொருள். அதாவது நம்ம பாஷையில் 'மடிச்சுக் கட்டு'! இதை நான் அவரிடம் சொல்லி, ஆபீஸ் பேன்ட்ரியில் ஒரு டவலை இடுப்பில் கட்டி மடித்துக் கட்டியும் காட்டினேன். மனிதருக்கு ஒரே சந்தோஷம்.

பழைய ஹைலாண்ட் உடை தைத்ததே கிடையாது. கேலிக்கில் 'ஃபேலா மோர்', பெரிய சுற்று என்று பெயர். அந்தக் காலத் தறியில் அகலத் துணி வராது. அதனால் இரண்டு துண்டுகளை நீளவாக்கில் சேர்த்து ஒட்டுப் போட்டு, பல கஜம் நீளமுள்ள ஒரே கம்பளித் துணியாக வைத்துக்கொள்வார்கள். அதை மடிப்பு வைத்து இடுப்பில் ஒரு பெல்ட்டால் இறுக்கினால் கீழ்ப்பாதி முழங்கால் வரை தொங்கும். மேல்பாதியைத் தோளில் போட்டு ஊசியால் குத்திக்கொள்ளலாம். மழை வந்தால் தலைக்கு முக்காடு. ராத்திரி மலையில் தங்கினால் அதுவே போர்வை. 1594-ல் அயர்லாந்துக்குக் கூலிப்படையாகப் போன ஹெப்ரிடீஸ் தீவுக்காரர்களைப் பற்றிய ஒரு வர்ணனையில்தான் இந்த உடையைப் பற்றிய ஆரம்பகாலக் குறிப்பு கிடைக்கிறது.

தைக்காத ஒரே துணி. உடுத்தவும் அதுவே, போர்த்தவும் அதுவே. நம்ம தாத்தா எட்டு முழத்தை வைத்துக்கொண்டு என்னென்ன செய்தார் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்றைக்கு நாம் பார்க்கிற, இடுப்புக்குக் கீழே மட்டும் இருக்கிற, மடிப்பைத் தைத்து வைத்த சின்ன கில்ட் ('ஃபேலா பேக்') பின்னால் வந்தது. இது வந்த கதையில் ஒரு சண்டை இருக்கிறது. 1720-களில் இன்வர்கேரி என்ற இடத்தில் இரும்பு உலை வைத்த தாமஸ் ராலின்சன் என்பவர், வேலையாட்களுக்குப் பெரிய சுற்று இடைஞ்சலாக இருப்பதைப் பார்த்து, கீழ்ப்பாதியை மட்டும் தனியாக வெட்டித் தைக்கச் சொன்னார் என்று ஒரு கதை. இவர் லங்காஷயரிலிருந்து வந்த ஆங்கிலேயர்! இந்தக் கதை 1785-ல் ஒரு எடின்பரோ பத்திரிகையில் வெளியான கடிதத்தில் வந்தது. 1983-ல் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் என்ற வரலாற்றாசிரியர் இதை எடுத்து வைத்து, 'உங்கள் பாரம்பரியமே ஒரு இங்கிலீஷ்காரன் கண்டுபிடித்ததுதான்' என்கிற மாதிரி எழுத, ஸ்காட்லாந்துக்காரர்களுக்குக் கோபம். அதற்கு முன்னாலேயே கீழ்ப்பாதியை மட்டும் கட்டுகிற வழக்கம் இருந்தது என்று பதிலுக்கு வாதாடுகிறார்கள்.

நான் இதை நம்ம ஆளிடம் கொஞ்சம் விஷமமாகவே கேட்டேன். "யாரு முதல்ல தைச்சா என்னங்க? யாரு தினமும் போட்டான்கிறதுதானே விஷயம்" என்றார். யோசித்துப் பார்த்தேன். நம்ம ஊரில் வெல்க்ரோவும் பாக்கெட்டும் வைத்து 'ஒட்டிக்கோ கட்டிக்கோ' வேட்டி வந்துவிட்டது. அதை முதலில் தைத்தது யார் என்று இருநூறு வருஷம் கழித்து யாராவது சண்டை போட்டால், இந்த பதில்தான் சரியாக இருக்கும்.

வாரக் கடைசியில்கூடக் கட்டக்கூடாது

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

1745-ல் ஸ்டூவர்ட் அரச வம்சத்து இளவரசர் சார்லஸ், இழந்த சிம்மாசனத்தைப் பிடிக்க ஸ்காட்லாந்தில் வந்து இறங்கினார். ஹைலாண்ட் குலங்கள் சில அவர் பின்னால் போயின. சில குலங்கள் அரசாங்கத்தின் பக்கம் நின்றன. 1746 ஏப்ரல் 16-ம் தேதி கலோடன் என்ற பொட்டலில் நடந்த சண்டை ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. இளவரசர் தோற்று ஓடினார். லண்டன் அரசாங்கம் இனி இந்த மலைக்காரர்கள் தலைதூக்கவே கூடாது என்று முடிவு செய்தது. ஆயுதத்தைப் பிடுங்கினார்கள். குலத் தலைவர்களின் அதிகாரத்தைப் பிடுங்கினார்கள். கூடவே துணியையும் பிடுங்கினார்கள்.

1747 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்த உடைச் சட்டம் சொன்னது இதுதான்: ஸ்காட்லாந்தில் ஆணோ சிறுவனோ ஹைலாண்ட் உடை அணியக்கூடாது. பெரிய சுற்று கூடாது, சின்ன கில்ட் கூடாது. கட்டம் போட்ட டார்ட்டன் துணியில் மேல்கோட்டுகூடத் தைக்கக்கூடாது. முதல் தடவை பிடிபட்டால் ஜாமீன் இல்லாமல் ஆறு மாதம் சிறை. இரண்டாவது தடவை பிடிபட்டால் கடல் கடந்த தோட்டங்களுக்கு ஏழு வருஷம் நாடு கடத்தல். அரசாங்கத்தின் பக்கம் நின்று சண்டை போட்ட குலத்துக்காரனுக்கும் இதே சட்டம்தான்.

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. டேவிட் ஸ்டூவர்ட் என்ற ராணுவ அதிகாரி 1822-ல் ஹைலாண்ட் மக்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தக் குறும்புகளைச் சொல்லியிருக்கிறார். சிலர் கில்ட்டின் நடுவில் நாலு தையல் போட்டு, "இது கால்சட்டைதான் துரை" என்றார்களாம். சிலர் கால்சட்டையைக் குச்சியில் மாட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்களாம். கால்சட்டை வேண்டும் என்றுதானே சட்டம், அதை உடம்பில் எந்த இடத்தில் போட வேண்டும் என்று சொல்லவில்லையே!

படித்துவிட்டுச் சிரித்தேன். ஆனால் இந்த மாதிரிக் குறும்பெல்லாம் எத்தனை வருஷம் தாங்கும்?

சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. மன்னரின் ராணுவத்தில் சேர்ந்தால் ஹைலாண்ட் உடை போடலாம். வீட்டில் போட்டால் சிறை, மன்னருக்காகச் சாகப் போனால் சீருடை. இதில் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு வருகிறது. கலகத்தில் இளவரசர் பக்கம் நின்று, பிடிபட்டு, மன்னிப்புப் பெற்ற மெக்லியட் பிரபு என்பவர் பிற்பாடு அதே அரசாங்கத்துக்காக 73-வது ஹைலாண்டர்ஸ் என்ற படைப்பிரிவைத் திரட்டினார். ஹைலாண்ட் உடையே அதன் சீருடை. அந்தப் படை 1780 ஜனவரியில் வந்து இறங்கிய இடம் மதராஸ்! அதே வருஷம் செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலியின் படையிடம் கிழக்கிந்தியக் கம்பெனி படுதோல்வி அடைந்தபோது, இந்தப் படைப்பிரிவின் ஒரு பகுதியும் அங்கே இருந்தது. காயம்பட்டுப் பிடிபட்ட அதிகாரி டேவிட் பேர்ட், மூன்று வருஷத்துக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைதியாகக் கிடந்தார். 1799-ல் திப்பு சுல்தான் இறந்த அன்று கோட்டைத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே.

தேதியைக் கவனியுங்கள். அவர்கள் மதராஸில் இறங்கிய 1780-ல் ஊரில் தடை இன்னும் அமலில்தான் இருந்தது. அப்பனும் தம்பியும் கட்டினால் ஜெயிலுக்குப் போகிற உடைக்கு, அண்ணன் சிப்பாய் என்பதால் சட்டப்படி உரிமை.

தடை போனது, உடை வரவில்லை

1773-ல் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் ஹைலாண்ட் பக்கம் சுற்றுப்பயணம் போனார். போன இடமெல்லாம் இந்தச் சட்டம் முழுசாகக் கடைப்பிடிக்கப்படுவதாகவும், பழைய உடையை முழுமையாகப் போட்டிருந்த ஒரே ஒரு கனவானைத்தான் பார்த்ததாகவும், அவரும் எப்போதாவது விளையாட்டாகப் போடுகிறவர்தான் என்றும் எழுதினார். 26 வருஷத்தில் நிலைமை அங்கே வந்துவிட்டது.

1782 ஜூலை 1-ம் தேதி சட்டத்தை நீக்கினார்கள். 1747-லிருந்து 35 வருஷம்.

இந்த 35 என்ற எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். தடை வந்தபோது அஞ்சு வயசுப் பையனாக இருந்தவனுக்குத் தடை நீங்கும்போது நாற்பது வயசு. வாலிபம் முழுக்கக் கால்சட்டையிலேயே போய்விட்டது. அவனுக்கு மடிப்பு வைக்கத் தெரியாது, கூச்சமாகவும் இருக்கும். அவனுடைய மகனோ அப்பா அதைக் கட்டிப் பார்த்ததே இல்லை. 'இனிமேல் கட்டலாம்' என்று தண்டோரா போட்டால் யார் கட்டுவது? சட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. குலத் தலைவர்கள் வாடகை வசூலிக்கும் பண்ணையார்களாக மாறியது, குடியானவர்கள் ஊரை விட்டுக் கிளம்பியது எல்லாம் சேர்ந்துதான். ஆனால் தினசரி உடையாக அது பழையபடி திரும்பவே இல்லை.

திரும்பி வந்தது வேறு வடிவத்தில். அதைக் கொண்டுவந்தவர்கள் யார் தெரியுமா? ஊரை விட்டு வெளியே போன நம்மை மாதிரி ஆட்கள்! 1778-ல் லண்டனில் வசதியான ஹைலாண்ட்காரர்கள் சேர்ந்து 'ஹைலாண்ட் சொசைட்டி' ஆரம்பித்தார்கள். நம்ம தமிழ்ச் சங்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தடையை நீக்கப் பாடுபட்டதே இவர்கள்தான். 1815-ல் இந்தச் சங்கம் எல்லாக் குலத் தலைவர்களுக்கும் எழுதி, 'உங்கள் குலத்துக்கான டார்ட்டன் மாதிரியை முத்திரை போட்டு அனுப்புங்கள்' என்று கேட்டது. தங்கள் குலத்துக்கு எது என்று சில தலைவர்களுக்கே தெரியவில்லை. ஏனென்றால் இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்ற உறுதியான கணக்கு பெரும்பாலும் அதற்கப்புறம்தான் உருவானது. 1842-ல் இரண்டு சகோதரர்கள் 'பழைய சுவடி கிடைத்தது' என்று சொல்லி ஒரு டார்ட்டன் புத்தகமே போட்டார்கள். அது போலிச் சுவடி என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் அதில் வந்த பல கட்டங்களை இன்றைக்கும் குடும்பப் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள்.

உச்சக்கட்டம் 1822 ஆகஸ்ட். மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்தான் விழா ஏற்பாடு. வாழ்க்கையில் கில்ட் கட்டியே அறியாத சமவெளிக் கனவான்கள் எல்லாம் தையற்காரனிடம் ஓடினார்கள். மன்னரே சிவப்பு டார்ட்டனில் கில்ட் கட்டி, உள்ளே தோல் நிறத்தில் இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு நின்றார். அந்த உடுப்புக்கு ஆன செலவு 1,300 பவுண்டுக்கு மேல்!

அதே காலகட்டத்தில், அதே ஹைலாண்டில், ஆடு வளர்க்க நிலம் வேண்டும் என்று பண்ணையார்கள் குடியானவர்களை வீட்டை விட்டு விரட்டிக்கொண்டிருந்தார்கள். சதர்லாண்ட் பகுதியில் மட்டும் ஆயிரக்கணக்கான பேர். சில இடங்களில் கூரைக்குத் தீ வைத்தார்கள். அந்த உடையைத் தினமும் உடுத்திய ஜனங்களின் பேரன்கள் கப்பல் ஏறிக் கனடாவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, எடின்பரோவில் அந்த உடைக்கு விழா எடுத்தார்கள்.

இதைச் சொல்லும்போது மட்டும் நம்ம ஆள் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுல கல்யாணத்துக்கு கில்ட் வாடகைக்கு எடுப்பாங்க. மறுநாள் திருப்பிக் கொடுத்துடுவாங்க. நான் திருப்பிக் கொடுக்க வேண்டாம்னு நினைச்சேன். அவ்வளவுதான்" என்றார்.

கேள்விகள்

மூன்று மாதத்தில் நான் மொழிபெயர்த்த கேள்விகளில் சில:

பழக்கடைக்காரர்: "ஏதாவது வேண்டுதலா? எத்தனை நாளைக்கு?"

எங்கள் ஆபீஸ் செக்யூரிட்டி, உத்தராகண்ட் மலைக்காரர்: "கல்யாண பேண்டுல வாசிக்கிறவரா?" இது கிண்டல் இல்லை. அவர் ஊர்க் கல்யாணங்களில் 'மஷக்பீன்' என்று பேக்பைப் வாசிப்பார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தோடு போய் மலையில் தங்கிவிட்ட வாத்தியம் அது. இரண்டு மலைக்காரர்களும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பாஷை நான்தான்.

ஒரு மாலில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. சோதனை போடுகிறவர் நம்ம ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் சகாவைப் பார்த்தார். இவர் தாடியைத் தடவிக் காட்டினார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அப்புறம் உலகம் பூராவும் கேட்கிற அந்தக் கேள்வி: உள்ளே என்ன? அதற்கு அவர் வைத்திருந்த பதில்: "சாக்ஸும் ஷூவும்."

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், மனிதர் எரிச்சலே படவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன், "சலிப்பா இல்லையா?" என்று. அவர் சொன்னது: "முதல் வருஷம் எங்க தெருவுல தினமும் பத்துப் பேர் கேட்டாங்க. இப்ப அந்தத் தெருவுல யாரும் கேட்கறதில்ல. ஒண்ணு நான் கழட்டணும், இல்லேன்னா அவங்களுக்குக் கேட்டுக் கேட்டு அலுக்கணும். எனக்கு முன்னாடி அவங்களுக்கு அலுத்துடுச்சு."

எங்கள் ஆபீஸிலும் அதுதான் நடந்தது. நாலாவது வாரம் லிஃப்டில் எல்லோரும் நிஜமாகவே செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் பங்குக்கு

இப்போது சொந்தக் கதை. 2009 பிப்ரவரியில் அப்பாவும் அம்மாவும் அருப்புக்கோட்டையிலிருந்து எங்களோடு தங்க வந்திருந்தார்கள். அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். வேட்டி தவிர வேறு உடையில் நான் அவரைப் பார்த்ததில்லை. தெரிந்தவர் ஒருவர் தில்லியில் ஒரு கிளப்பில் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். அப்பா கஞ்சி போட்டுத் தேய்த்த எட்டு முழம், வெள்ளைச் சட்டையோடு கிளம்பினார்.

வாசலில் நிறுத்திவிட்டார்கள். "லுங்கி நஹி சலேகி" என்றார் காவலர். இது லுங்கி இல்லை என்று சொன்னேன். உள்ளேயிருந்து இன்னொருவர் வந்து, ரொம்ப மரியாதையாக, விதிமுறை அப்படி என்றார்.

நான் சண்டை போட்டிருக்கலாம். திரும்பி வந்து வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. கூப்பிட்டவர் என்ன நினைப்பாரோ என்று அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்து என் பேண்ட்டைப் போடச் சொன்னேன். இடுப்பு பெரிசு. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டோம். அப்பா விருந்தில் யாரிடமும் பேசவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் நான் சொன்னேன்: "இனிமே தில்லி வந்தா பேண்ட்டே போட்டுக்குங்கப்பா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"சரிப்பா" என்றார். அவ்வளவுதான். அடுத்த தடவையிலிருந்து மதுரையில் சம்பர்க் கிராந்தி ஏறும்போது வேட்டி, நிஜாமுதீனில் இறங்கும்போது பேண்ட். வழியில் எங்கே மாற்றுவார் என்று நான் கேட்டதில்லை.

லண்டன் அரசாங்கத்துக்கு நாடாளுமன்றம், சட்டம், ஆறு மாதச் சிறை எல்லாம் தேவைப்பட்டது. எனக்கு ஒரே வாக்கியம் போதுமாக இருந்தது.

2014 ஜூலையில் சென்னையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமனையே வேட்டி கட்டியதற்காக ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. சட்டசபையில் பெரிய அமளி. அடுத்த மாதமே வேட்டியைத் தடுக்கக்கூடாது என்று தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. தடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, அபராதம், உரிமமும் ரத்து. 1747 சட்டத்துக்கு நேர் எதிர்ச் சட்டம். நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் 1782-ஐப் படித்தபிறகு எனக்கு ஒரு சந்தேகம். வாசலைத் திறந்து விட்டாச்சு. உள்ளே போக யார் கட்டிக்கொண்டு வருகிறோம்? எனக்கே வேட்டி பொங்கலுக்கும் மலை மந்திருக்கும்தான். அதையும் பையில் எடுத்துப் போய் அங்கே கட்டுகிறேன். வாடகை கில்ட்டுக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

நம்ம ஆள் 2018 மார்ச்சில் ஊருக்குப் போனார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வேட்டியோடு காய்கறி வாங்கக் கிளம்பினேன். ஒன்பது வயசு மகன் பத்தடி தள்ளி நடந்து வந்தான். யாருடைய பிள்ளையோ மாதிரி. கேள்விகள் வந்தன. "உடம்பு சரியில்லையா?" (இங்கே லுங்கி என்றால் வீட்டில் படுத்திருப்பவர் உடை.) "பூஜையா?" "லுங்கி டான்ஸா?" பதில் சொன்னேன். வெண்டைக்காய் விற்ற ஹரியானாப் பெரியவர் மட்டும் வேறு மாதிரிக் கேட்டார்: "எங்க தாத்தா தோத்தி கட்டுவார். கச்சம் வெச்சு. நீங்க எப்படிக் கட்டுறீங்க?" எடை போடுவதை நிறுத்திவிட்டுக் கவனமாகப் பார்த்தார். "எனக்குக் கட்டத் தெரியாது" என்றார். தாத்தாவுக்கும் அவருக்கும் நடுவில் எந்தச் சட்டமும் வரவில்லை.

போன குளிர்காலத்தில் அப்பா தனியாக வந்தார். அம்மா இப்போது இல்லை. நிஜாமுதீனில் பேண்ட்டோடுதான் இறங்கினார். மறுநாள் காலை வாக்கிங் கிளம்பும்போது நான் வேட்டியில் நிற்பதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், பெட்டியின் அடியிலிருந்து எட்டு முழத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். செருப்பை மாட்டும்போது கேட்டார்:

"வழியில யாராச்சும் கேட்டா?"

"கேக்கட்டும்ப்பா. நான் சொல்லிக்கறேன்."

பார்க்கைச் சுற்றி வருவதற்குள் மூன்று பேர் கேட்டார்கள். மூன்றாவது ஆளுக்கு நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே தனக்குத் தெரிந்த நாலு ஹிந்தி வார்த்தையில் பதில் சொல்லிவிட்டார்.

வெளியூரில் இருக்கிற நீங்கள் என்ன செய்கிறீர்கள்? உங்கள் வீட்டு வேட்டி பீரோவில் இருக்கிறதா, கொடியில் காய்கிறதா?

பி.கு: அந்த 'உள்ளே என்ன' கேள்வியை அப்பாவிடமும் ஒருத்தர் கேட்டார். பட்டாபட்டிக்கு ஹிந்தியில் என்ன வார்த்தை என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும் :-)